‘ஒண்ணும் இருக்காது’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரின் மருத்துவப் பக்கத்தில் கர்ப்பம் தரிக்காமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கிற காப்பர் டி பற்றி வந்திருந்ததைப் படித்தேன். யாரும் வாய் திறக்காத விஷயத்துக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் நடுவில் ஒரு வரி, ‘வலியே இல்லாத எளிய முறை இது, பெண்கள் வீணாகப் பயப்படுகிறார்கள்’ என்று. படித்ததும் குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். இதே வரியைப் பத்து வருஷமாகப் பல பேர் வாயிலிருந்து கேட்டவள் நான், கேட்கக் கேட்கப் பயம் கூடியதே தவிர குறையவில்லை. கடைசியில் அது குறைந்தது, ‘வலிக்கும் மக்ளே, எப்போ வலிக்கும், எவ்வளவு நேரம் வலிக்கும்னு சொல்லுகேன் கேளு’ என்று ஒரு நர்ஸம்மா சொன்ன அன்றைக்குத்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். இடமில்லை என்றால் என் சொந்தக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லியிருப்பதை வெட்டாதீர்கள்.

திங்கள்சந்தை பக்கம் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், ஜூன் மாசம் வந்தால் பள்ளிக்கூட யூனிஃபார்ம். வயது 36, இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக், வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவில் வருவார். நம்ம மாவட்டத்தில் இப்படி எத்தனை வீடு என்று உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த நாற்பது நாளுக்காகத்தான் இவ்வளவு கதையும்.

பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பாட்டியில் தொடங்க வேண்டும். அம்மையின் அம்மா. அவள் காலத்தில் இதற்குப் பெயர் லூப்பு. 1965-ல் மத்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் லிப்பிஸ் லூப் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது, செம்பு கிம்பு எதுவும் கிடையாது, வெறும் பிளாஸ்டிக், பாம்பு நெளிந்த மாதிரி இருக்கும். இத்தனை பேருக்குப் போட்டாக வேண்டும் என்று கணக்கு வைத்து முகாம் போட்டு மாட்டிவிட்டார்களே தவிர, அப்புறம் அந்தப் பெண்களுக்கு ரத்தம் போகிறதா, வலிக்கிறதா, விழுந்துவிட்டதா என்று திரும்பிப் பார்க்க ஆளில்லை. வந்த வேகத்தில் கெட்ட பெயரும் வந்துவிட்டது. என் பாட்டி லூப்பு போடவேயில்லை. போட்டுக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி வெளிறிப்போய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள், அது போதாதா? பாட்டியின் நகை எதுவும் எங்களுக்கு வரவில்லை, இந்தப் பயம் மட்டும் அவளிடமிருந்து அம்மைக்கும் அம்மையிடமிருந்து எனக்கும் சேதாரம் இல்லாமல் வந்து சேர்ந்தது.

அப்புறம் எங்கள் மைனி, அண்ணன் பெண்டாட்டி. 2011-ல் அவளுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை பிறந்த கையோடு ஒருத்தர் வந்து என்னமோ சொன்னாராம், இவள் அரை மயக்கத்தில் தலையை ஆட்டினாளாம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி போடுவது ஒப்புக்கொள்ளப்பட்ட முறைதான், அதில் தப்பில்லை, இன்னொரு தடவை அலையவும் வேண்டாம். ஆனால் நாற்பது மணி நேரம் நோவு எடுத்துக் கிடந்தவளிடம் அப்போது கேட்பதெல்லாம் ஒரு கேள்வியா? மாசமாக இருக்கும்போது செக்கப்புக்கு வந்த ஒன்பது மாசத்தில் ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாமே. வீட்டுக்கு வந்து ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று திரும்பப் போனபோதுதான் ‘காப்பர் டி போட்டிருக்கே, தெரியாதா?’ என்று அவளிடமே கேட்டார்கள். கழற்றுங்கள் என்றால் ‘கொஞ்ச நாள் பொறு, பழகிரும்’ என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நாலாவது தடவை வேறொரு இடத்தில் காசு கொடுத்துக் கழற்றிக்கொண்டாள், இரண்டு நிமிஷ வேலை.

இந்த உண்மைச் சம்பவம் எங்கள் குடும்பத்துக் கல்யாணம், சடங்கு, துஷ்டி எல்லாவற்றிலும் வாய் மாறி வாய் மாறி, நான் கேட்கும்போது ‘உள்ளே வச்ச கம்பி நெஞ்சுக்கு ஏறிப்போச்சு, மெட்ராஸ் கொண்டுபோய் எடுத்தாங்க’ என்று ஆகியிருந்தது. மைனி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மறுத்துச் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் யார் கேட்கப் போகிறார்கள்!

2012-ல் எனக்கு முதல் பிள்ளை, 2016-ல் இரண்டாவது, அது சிசேரியன். மேசையில் படுத்திருக்கும்போதே கருத்தடை ஆபரேஷனையும் சேர்த்துச் செய்துவிடலாமா என்று கேட்டார்கள். பிள்ளை எடை குறைவு, இன்குபேட்டரில் வைக்கக் கொண்டுபோயிருந்தார்கள், அந்த நிமிஷத்தில் எனக்குச் சரி என்று சொல்ல நாக்கு வரவில்லை. மாமிக்கு, அதாவது வீட்டுக்காரரின் அம்மாவுக்கு, அதில் இன்றைக்கு வரைக்கும் வருத்தம்தான். ‘அப்பவே பண்ணியிருந்தா சோலி முடிஞ்சிருக்கும்’ என்பாள். தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், அதனால் வேறு வழி எதுவும் வழியாகவே யாருக்கும் தெரிவதில்லை. ஆண்களுக்கும் ஒன்று இருக்கிறதே, கத்தியில்லாமல் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடிகிற வாசெக்டமி, பெண்களுக்குச் செய்வதைவிட எவ்வளவோ லேசானது. எங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு தடவை வீடியோ காலில் சொன்னேன். அன்றைக்கு அங்கே நெட்வொர்க் சரியில்லாமல் போய்விட்டது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாத்திரை கொஞ்ச நாள் போட்டேன், குமட்டலும் தலைவலியும், எனக்கு ஒத்துவரவில்லை, சிலருக்கு நன்றாக ஒத்துப்போகும். அரசு ஆஸ்பத்திரிகளில் ‘சாயா’ என்று வாராந்திர மாத்திரை இருக்கிறது, ‘அந்தரா’ என்று மூன்று மாசத்துக்கு ஒரு ஊசி இருக்கிறது, இரண்டும் இலவசம், இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதுவரை நிரோத் ஆணுறையும் நாள் கணக்கும்தான் எங்கள் குடும்பக் கட்டுப்பாடு.

2021 டிசம்பரில் அவர் லீவு முடிந்து போனார். ஜனவரியில் எனக்கு நாள் தள்ளிப்போனது, பதினோரு நாள். உள்ளூர் மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கிற கார்டு வாங்க முடியுமா? கடைக்காரர் மாமனாரின் சிநேகிதர். லைனிங் துணி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறிப்போய் ஒரு கார்டு வாங்கி வந்து, விடிகாலை எல்லோரும் எழுவதற்கு முன் குளியலறையில் வைத்துப் பார்த்தேன். ஒரு கோடுதான், கர்ப்பம் இல்லை. இரண்டு நாளில் தூரமும் வந்தது, மாதவிலக்கை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அந்தப் பதினோரு நாள் பட்ட வெப்ராளத்தில்தான், காப்பர் டி மேல் இருக்கிற பயமா, இந்தப் பயமா, எது பெரிசு என்று எனக்கு முதல் முறையாகத் தராசு வைத்துப் பார்க்கத் தோன்றியது.

துணிந்து நாகர்கோவிலில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். பெயர் வேண்டாம். கூட்டம். மேசையில் ஏறிப் படுக்கச் சொன்னார்கள், கால் இரண்டையும் தூக்கி வைத்தார்கள், திரைக்கு அந்தப் பக்கம் யாரோ வருவதும் போவதுமாக இருந்தார்கள். டாக்டரம்மா வந்தார், ‘ஒண்ணும் இருக்காது, சின்ன வேலை, உடம்ப இறுக்காத’ என்றார். ஏதோ சில்லென்று பட்டது, நான் இறுக்கினேன். ‘இறுக்காதம்மான்னு சொல்றேன்ல, ரெண்டு பிள்ளை பெத்தவதானே?’ என்றார். அவ்வளவுதான். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லிக் கீழே இறங்கி, கட்டிய பீஸைத் திருப்பிக்கூடக் கேட்காமல் வந்து, வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஏத்தங்காய் சிப்ஸ் ஒரு பாக்கெட் வாங்கி முழுவதையும் நானே தின்றேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. இன்னும் எதுவும் செய்யவேயில்லை, அதனால் வலியால் வந்த அழுகை இல்லை. ‘ஒண்ணும் இருக்காது’ என்று சொன்னால், அப்புறம் எனக்கு ஏதாவது இருந்தால் அது என் குற்றம் என்றல்லவா ஆகிவிடுகிறது?

ஒரு மாசம் கழித்து எங்கள் பக்கத்துக் கிராம சுகாதார நர்ஸ் யூனிஃபார்ம் சேலைக்கு ஜாக்கெட் தைக்க வந்தார். அளவெடுக்கும்போது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். ‘சும்மா பயம்’ என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மறுநாள் ஜாக்கெட் வாங்க வரும்போது பைக்குள்ளிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார், தேதி முடிந்துபோனது, சொல்லிக்கொடுக்க வைத்திருப்பாராம். பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார்.

பத்து வருஷம் நான் பயந்த கம்பி அது. டி எழுத்து வடிவத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக், வளைத்தால் வளைகிறது. நடுத்தண்டில் மெல்லிசான செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது, பாபினில் நூல் சுற்றியிருக்குமே, அதேபோல, அவ்வளவு நெருக்கமாக. டியின் இரண்டு கையிலும் சின்னச் செம்புக் குழல். அடியில் இரண்டு நூல், மீன் பிடிக்கிற நைலான் நூல் மாதிரி, ஆனால் அதைவிட மெல்லிசு. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அளந்தேன், அகலம் 3.2 சென்டிமீட்டர், நீளம் 3.6. சேலை பின் ஒன்று இதைவிட நீளம். கூர்முனை எங்கே என்று தடவித் தடவிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. நர்ஸம்மா டியின் இரண்டு கையையும் மடக்கிக் குழாய்க்குள் விட்டுக் காட்டினார், உறிஞ்சுகுழல் அளவு குழாய்தான், கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாக வைக்கச் சொல்லி அதற்குள் விட்டுக் குழாயைப் பின்னால் இழுத்ததும் கை இரண்டும் விரிந்தது. நானும் நாலைந்து தடவை செய்து பார்த்தேன், கடையில் ஆள் இல்லை.

நான் கேட்ட முதல் கேள்வி, ‘இது நெஞ்சுக்கு ஏறுமா சிஸ்டர்?’

அவர் சிரிக்கவில்லை. கர்ப்பப்பை என்பது கவிழ்த்து வைத்த சின்னப் பேரிக்காய் மாதிரி, மேலே இருக்கிற இரண்டு குழாயும் ஊசி நுழைகிற அளவுதான், அது வழியாக இது ஏறிப் போக முடியாது என்றார். அதோடு நிறுத்தவில்லை. போடும்போது கர்ப்பப்பைச் சுவரில் துளை விழுவது உண்டு, ஆயிரத்தில் ஒருவருக்கு இரண்டு பேருக்கு, பால் கொடுக்கிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல், அப்படி ஆனால் அடிவயிற்றுக்குள் போகும், சின்ன ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டியிருக்கும் என்றார். தானாக வெளியே வந்துவிடுவது அதைவிடச் சகஜம், நூறில் ஐந்து பேருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாசத்துக்குள், அதனால் நூல் இருக்கிறதா என்று மாசம் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். இவ்வளவு கெட்டதையும் சொன்னார், எனக்கு நெஞ்சு படபடக்கவில்லை. ஆச்சரியமாகத்தான் இருந்தது. கணக்குத் தெரிந்த கடன் மாதிரி, இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகு தூக்கம் வருகிறது.

அடுத்த தூரத்தின் நாலாவது நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அந்த நாளில் போவதற்குக் காரணம் உண்டு, கர்ப்பம் இல்லை என்று உறுதியாகத் தெரியும், கர்ப்பப்பை வாயும் கொஞ்சம் நெகிழ்ந்திருக்கும். கர்ப்பம் இல்லை என்று உறுதியானால் மற்ற நாட்களிலும் போடலாம். ஒரு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிட்டு வலி மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். போனதும் ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொன்னார்கள். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண், என்னைவிட இளையவள். முதல் வேலையாக நான் அவளிடம், ‘நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்தணும்’ என்றேன். ‘கண்டிப்பா நிறுத்துவேன் அக்கா, கையைத் தூக்கினாலே போதும்’ என்றாள். நர்ஸம்மா தலைமாட்டில் நின்றார். திரையை இழுத்து மூடி கிளிப் போட்டார்கள்.

என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன், உங்கள் மருத்துவப் பக்கம் சொல்லாமல் விட்டது இதைத்தான். முதலில் கையுறை போட்டுக் கையால் பார்த்தார்கள், கர்ப்பப்பை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று. அப்புறம் விரித்துப் பிடிக்கிற கருவி, சில்லென்று இருக்கும், அழுத்தம்தான், வலி இல்லை. மருந்து வைத்துத் துடைத்தார்கள். ‘இப்போ ஒரு கிள்ளு இருக்கும், இருமுங்க’ என்றாள். இருமினேன். கர்ப்பப்பை வாயைக் கருவியால் பிடிக்கிற நேரம் அது, சுருக்கென்று இருந்தது. அடுத்து உள்ளே எவ்வளவு ஆழம் என்று பார்க்க ஒரு மெல்லிய கம்பியை விட்டு அளந்தார்கள், எனக்கு இதுதான் மோசம், தூரம் வரும்போது முதல் நாள் இழுத்துப் பிடிக்குமே அதைப்போல இரண்டு மடங்கு, முதுகு வரைக்கும் போனது. ‘ஏழரை சென்டிமீட்டர்’ என்றாள் டாக்டர், நர்ஸம்மா எழுதிக்கொண்டார். காலமெல்லாம் ஊராருக்கு அளவெடுத்த எனக்கு உள்ளேயும் அளவெடுக்க ஒருத்தி வந்தாளே என்று அந்த வலியிலும் நினைத்துக்கொண்டேன், மூன்று இஞ்சுக்குத் துளி குறைவு. கடைசியாக அந்தக் குழாய், இன்னொரு தடவை இழுத்துப் பிடித்தது, நர்ஸம்மா காதருகில் மெதுவாக எண்ணினார், பன்னிரண்டு எண்ணுவதற்குள் விட்டுவிட்டது. நூலைக் கத்தரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குப் பழகின சத்தம். மொத்தம் பத்து நிமிஷம் இருக்கும், அதில் நிஜமான வலி என்று சேர்த்துப் பார்த்தால் ஒரு நிமிஷம்கூட வராது.

எழுந்து ஓட நினைத்தேன், தலை சுற்றியது, வியர்த்தது. ‘இது சிலருக்கு வரும், படு’ என்று கால்மணி நேரம் படுக்க வைத்தார்கள். வெளியே வந்து ஒரு டீயும் ரசவடையும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். மறுநாள் கடை திறந்தேன், மெஷின் மிதிக்கவில்லை, பட்டன் மட்டும் தைத்தேன்.

எனக்கு இப்படி இருந்தது. எல்லோருக்கும் இப்படியே இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன், அப்படிச் சொன்னால் எனக்கும் ‘ஒண்ணும் இருக்காது’காரர்களுக்கும் என்ன வித்தியாசம்? எங்கள் கடைக்கு வருகிற ஒரு பெண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லையாம். இன்னொருத்தி, இரண்டு பிள்ளையும் சிசேரியன், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன் என்றாள். ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், போடுவதற்கு முன் வலியைப் பற்றி எல்லாப் பெண்களிடமும் பேச வேண்டும், மரத்துப்போகிற மருந்து வலியைக் குறைக்க உதவலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். அங்கேயே இத்தனை வருஷம் ‘லேசான அசௌகரியம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்றால், இங்கே கேட்க வேண்டுமா?

அதற்குப் பிறகு மூன்று நாள் அடிவயிறு பிடித்தது. அடுத்த இரண்டு மூன்று தூரம் நிஜமாகவே அதிகம், நாலு நாள் ஏழு நாளானது, மாமி உளுந்தங்கஞ்சி வைத்துக் கொடுத்தாள், காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள், ஒழுங்காகச் சாப்பிட்டேன். முதல் மூன்று முதல் ஆறு மாசம் இப்படி இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் தேதி எண்ணிக்கொண்டு இருந்தேன், ஐந்தாம் மாசம் அடங்கிவிட்டது. சொல்லாமல் விட்டிருந்தால் இரண்டாம் மாசமே போய்க் கழற்றியிருப்பேன், ஊரில் இன்னொரு கதை கிளம்பியிருக்கும். ரத்தம் ஏற்கெனவே ரொம்பக் குறைவாக இருக்கிறவர்கள், தூரம் எப்போதும் அதிகமாகப் போகிறவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தாலோ, கர்ப்பப்பையில் கிருமித்தொற்று இருந்தாலோ, கட்டியால் கர்ப்பப்பை வடிவம் மாறியிருந்தாலோ இதைப் போடக் கூடாது. போட்ட பிறகு காய்ச்சல், தாங்காத அடிவயிற்று வலி, நாற்றமடிக்கிற வெள்ளைப்படுதல், நூல் தட்டுப்படாமல் போவது, நாள் தள்ளிப்போவது, இதில் எது வந்தாலும் உடனே போக வேண்டும். பால்வினை நோய்களை இது தடுக்காது, அதற்கு நிரோத் மட்டும்தான்.

வீட்டுக்காரர் போனில் கேட்ட ஒரே கேள்வி, ‘எனக்குக் குத்துமா?’ வாசெக்டமி அன்றைக்கு மறைந்துபோன நெட்வொர்க் இந்தக் கேள்விக்குப் பளிச்சென்று இருந்தது. குத்தாது, நூல் நாள்பட மெதுவாகிவிடும், உறுத்தினால் போய்க் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம் என்று சொன்னேன். இதைப் போட அவருடைய கையெழுத்து தேவையில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பெண்ணின் சம்மதம் போதும். ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா’ என்று யாராவது திருப்பி அனுப்பினால் அது சட்டத்தில் இல்லாதது.

இனி ஊர் வாய். ‘மாப்பிள்ளை வெளிநாட்டில, இவளுக்கு எதுக்கு இது?’ என்று ஒரு சொந்தக்காரி கேட்டாளாம், என் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. வலியைவிட இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நம்ம ஊரில் பாதிப் பெண்கள் போகாமல் இருக்கிறார்கள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நானும் மார்த்தாண்டம் வரைக்கும் பஸ் ஏறியவள்தானே. இதற்குப் பதில் ரொம்பச் சாதாரணம். லீவு எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது, டிக்கெட் போட்டுவிட்டு நாலு நாள் முன்னால்தான் சொல்வார். அவர் வந்து இறங்கிய பிறகு நான் தூரத்துக்குக் காத்திருந்து, ஆஸ்பத்திரிக்கு அலைந்து, மூன்று மாசம் ரத்தம் போய், அப்புறம் என்ன நாற்பது நாள்? வீட்டில் தீயணைக்கிற தண்ணீரை தீப்பிடித்த பிறகா கிணற்றில் இறைப்பார்கள்!

கடற்கரை ஊர்களிலிருந்து தைக்க வருகிற சில பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறொன்று கேட்பார்கள், ‘இது உண்டான கருவைக் கலைக்குமா அக்கா, பாவமா?’ பாவ புண்ணியம் பேச நான் ஆளில்லை, அது அவரவர் சாமிக்கும் அவரவர்க்கும். இது வேலை செய்கிற விதத்தை மட்டும் சொல்வேன். செம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது விந்தணுவை முடக்கிவிடுகிறது, முட்டையோடு சேரவிடாமல் செய்வதுதான் இதன் முக்கியமான வேலை. ஹார்மோன் எதுவும் இல்லை, பால் குறையாது. எடுத்துவிட்டால் உடனே பிள்ளை உண்டாகலாம்.

ஆஸ்பத்திரிகளுக்கு நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை, ஆசிரியர் அவர்களே. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியானாலும் தக்கலை அரசு மருத்துவமனையானாலும் மலையோரத்து ஆரம்ப சுகாதார நிலையமானாலும் இது இலவசம்தான், அரசாங்கம் செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதோடு தேதி முடிந்த ஒரு பாக்கெட்டைப் பிரித்து மேசை மேல் வையுங்கள், வருகிறவள் கையில் எடுத்துப் பார்க்கட்டும். வலிக்கும் என்று சொல்லுங்கள், எப்போது என்றும் சொல்லுங்கள், வலி மாத்திரையைக் கேட்காமலே கொடுங்கள். பிரசவத்தோடு போடுவதென்றால் ஏழாம் மாசத்தில் கேளுங்கள், நோவில் கிடப்பவளிடம் கேட்காதீர்கள். அப்புறம், கழற்றச் சொன்னால் கழற்றிவிடுங்கள். இதைத்தான் அழுத்திச் சொல்வேன். பயந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால்தான் ஒருத்தி பயமில்லாமல் போடுவாள். எங்கள் மைனியை முதல் தடவையே கழற்றி அனுப்பியிருந்தால் எங்கள் குடும்பத்தில் கம்பி நெஞ்சுக்கு ஏறியிருக்காது, நான் பத்து வருஷம் பயந்திருக்கவும் மாட்டேன்.

போட்டவர்களுக்கு ஒன்று. கார்டு கொடுப்பார்கள், பத்திரமாக வையுங்கள், எந்த வகை என்று பாருங்கள். 380ஏ என்றால் பத்து வருஷம், 375 என்றால் ஐந்து வருஷம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஐந்து வருஷத்துக்கானதைப் பதினோரு வருஷம் வைத்திருந்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும். என் கார்டு தொலைந்தாலும் பரவாயில்லை என்று கடையின் அளவு நோட்டில், என் அளவு எழுதியிருக்கிற பக்கத்திலேயே, ‘2022 மார்ச் போட்டது, 2032 மார்ச் எடுக்கணும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். யாராவது பார்த்தால் ஏதோ பாக்கி என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்தக் கடிதத்தைப் போடுவதென்றால் பெண்கள் மலரில் போடாதீர்கள், எங்கள் ஊர் டீக்கடையில் அந்த மலரைத்தான் முதலில் கிழித்து வடை மடித்துக் கொடுக்கிறார்கள். விளையாட்டுச் செய்திக்குப் பக்கத்தில் போடுங்கள். என் பெயர் வேண்டாம். எங்கள் மாமி உங்கள் பேப்பரைத் தேதியிலிருந்து கடைசிப் பக்கத்து அச்சகப் பெயர் வரை ஒரு எழுத்து விடாமல் படிப்பவள், உளுந்தங்கஞ்சி வரைக்கும் வந்ததும் யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவாள். அது பரவாயில்லை, அவள் கண்டுபிடிக்கட்டும்.

இப்படிக்கு,
தையல்காரி ஒருத்தி,
திங்கள்சந்தை, குமரி மாவட்டம்.